எஞ்சின் ஒயிலும் மலைப்பாதையும்

பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்த ஆண்டு 1924. இருப்புப்பாதை அந்நகரத்தோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் பசறைக்கும் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் செல்வோர்க்குத் தெருவே கதி. நடுநிசியில் பிரசவ வேதனையுற்ற பெண்ணொருத்தியைத் தோட்டத்திலிருந்து பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பது, பெரும்பாலும், அடுத்த லயத்து வாசலில் நிற்கும் ஓட்டோவேயாகும். அந்த ஓட்டோவின் எஞ்சினுக்கு எந்த ஒயிலை ஊற்றுவது என்னும் கேள்வியை அற்பமானதென்று யார் சொல்ல முடியும்?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த வண்டியையே பேணி ஓட்ட வேண்டியதாயிற்று; விலைவாசியோ ஏறிற்று. ஆகவே கராஜுக்குப் போகாமல் வீட்டிலேயே ஒயில் மாற்றுவோர் பலராயினர். சிக்கனம் நல்லதே. ஆனால், எண்ணெயெல்லாம் ஒன்றே என்றெண்ணி மலிவானதை வாங்கும் சிக்கனம் பின்னர் எஞ்சினின் விலையாக வந்து நிற்கும்.

டப்பாவின் மேல் 20டபிள்யூ-50 அல்லது 10டபிள்யூ-30 என்று அச்சிட்டிருப்பதை வாசகர்கள் கண்டிருப்பர். இவை எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும் எண்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய ஓட்டம் எளிது. பனி உறையும் நாடுகளில் அது உயிர்நாடி. பண்டாரவளையில் மார்கழி விடியலில் நாம் நடுங்கினாலும், எஞ்சினுக்கு அது பெருங்குளிரன்று. நமக்கு அதிகம் வேண்டப்படுவது பின்னுள்ள எண். எஞ்சின் சூடேறிய பின்னரும் எண்ணெய் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதை அது காட்டுகிறது.

பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹப்புத்தளையோ 1,400 மீற்றருக்கும் மேல். பாரமேற்றிய ஓட்டோ முதலாம், இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறுகையில் எஞ்சின் கடுமையாக உழைக்கிறது; வேகம் குறைந்திருப்பதால் அதன்மேல் வீசும் காற்றோ குறைவு. காற்றினாலேயே குளிரும் எஞ்சினுக்கு அப்போது எண்ணெய்தான் துணை. வெப்பத்தில் அது தண்ணீராய் இளகிவிட்டால் இரும்போடு இரும்பு உரசும். அதற்காக, தடித்த எண்ணெயே எல்லாவற்றுக்கும் சிறந்தது என்றும் எண்ணலாகாது. அண்மைக் காலத்துச் சிறு கார்கள் சிலவற்றுக்கு 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெயையே தயாரிப்பாளர் விதிக்கின்றனர். அவற்றின் நுண்ணிய வழிகளுக்கு அதுவே பொருந்தும். வண்டியோடு வந்த கைநூல் சொல்வதே முதல் விதி. எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதையும் அந்நூலே கூறும். மலையேற்றம், தூசு, பாரம் ஆகிய கடின நிலைகளுக்கு எனக் குறுகிய கணக்கொன்று அதில் தனியே இருக்குமானால், தோட்டத்து வண்டிகளுக்கு உரியது அதுவே.

இனி நாம் பட்ட பாட்டைச் சொல்கிறோம். ஒருமுறை நமது மோட்டார் சைக்கிளுக்குக் காருக்கென வாங்கிய உயர்ந்த எண்ணெயில் மீந்ததை ஊற்றினோம். எண்கள் பொருந்தின, விலையும் அதிகம், குறையொன்றுமில்லை என்றே நம்பினோம். ஸ்பிரிங்வெலி நோக்கி ஏறுகையில் எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. காரணம் யாதெனில், பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலும் ஓட்டோக்களிலும் கிளட்ச் தகடுகள் எஞ்சின் ஒயிலிலேயே மூழ்கியிருக்கின்றன. எரிபொருளைச் சிக்கனப்படுத்தக் கார் எண்ணெய்கள் சிலவற்றில் சேர்க்கும் வழுக்கு மருந்து அத்தகடுகளையும் வழுக்கச் செய்துவிடும். ஆகவே, அவ்வகை வண்டிக்கு வாங்கும்போது ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்னும் குறியீட்டை டப்பாவில் தேடுக. எம்.பி. என்றிருப்பது கியர் மாற்ற வேண்டாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. நாம் அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வீடு திரும்பினோம்.

டூ ஸ்ட்ரோக் ஓட்டோக்களின் இறக்குமதி 2008ஆம் ஆண்டு முதல் தடைசெய்யப்பட்டது. அவற்றில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்து எரிந்துபோகும். அந்த எண்ணெயைப் போர் ஸ்ட்ரோக் எஞ்சினின் அடியில் ஊற்றுதல் தகாது. பீப்பாயிலிருந்து அளந்து தரும் எண்ணெயையும், முத்திரை கலைந்த டப்பாவையும் தவிர்ப்பதே நன்று.

பில்டரைப் பற்றிச் சிறிது. சில மோட்டார் சைக்கிள்களில் கம்பி வலையொன்றுதான் உண்டு. அதைக் கழற்றிக் கழுவினாற் போதும். காகித பில்டரை அவ்வாறு கழுவிப் பயன்படுத்தலாகாது. அழுக்கால் அடைபட்டுவிட்டால், எஞ்சின் எண்ணெயின்றித் தவிக்காதபடி, உள்ளிருக்கும் சிறு வால்வு திறந்து வடிகட்டாத எண்ணெயையே அனுப்பும். வண்டி ஓடும், தேய்மானம் மறைவில் நடக்கும். காரின் உருளை பில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு வளையங்கள் சேர்ந்தால் எண்ணெய் முழுதும் வழியில் பீறிட்டுப் போய்விடும். புதிய வளையத்தில் சிறிது ஒயில் தடவி, கையால் இறுக்கினாற் போதுமானது, சாவி வேண்டா.

மலைநாட்டில் அரிதாய்க் கிடைப்பது சமதரை. சரிவில் நிற்கும் வண்டியின் அளவுகோல் பொய் சொல்லும். கோயில் முற்றமோ பிரட்டுக்களமோ பார்த்து நிறுத்தி, எஞ்சின் இளஞ்சூடாய் இருக்கையில் பழையதை வடிக்கலாம். புதியதை ஊற்றிய பின் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சற்றுப் பொறுத்து அளவு பார்க்க வேண்டும்.

வடித்த எண்ணெயைக் கறையானுக்கென்று மரத்தூணில் வெறுங்கையால் பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. பழைய எஞ்சின் ஒயில் தோலில் அடிக்கடி படுவது புற்றுநோய்க்கு இடமாகலாம் என்பது மருத்துவர் கருத்து. கானில் ஊற்றுவதோ இன்னும் கேடு. பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களின் கான்நீர் பதுளை ஓயாவில் கலந்து, 64 மீற்றர் உயரத் துன்ஹிந்த அருவியாய் விழுந்து, மகாவலியைச் சேர்கிறது. புதிய எண்ணெய் வந்த டப்பாவிலேயே பழையதை நிரப்பி மூடி வைத்தால், அடுத்தமுறை நகருக்கு இறங்கும்போது, பழைய ஒயிலை ஏற்றுக்கொள்ளும் சேர்விஸ் நிலையத்தில் கொடுத்துவிடலாம். மோட்டார் சைக்கிளொன்றிலிருந்து இறங்குவது ஏறத்தாழ ஒரு லீற்றர்தான்.