இணையவழிச் சதுரங்கத்தில் வெற்றி தோல்விப் பதிவும் பதற்றமும்: தரப்புள்ளியைப் பொருள்கொள்ளும் முறை குறித்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இணையவழிப் போட்டி ஆட்டங்களில் ஈடுபடுவோரிடம், தோல்வி எண்ணிக்கை கூடிவிடுமோ, தரப்புள்ளி இறங்கிவிடுமோ என்னும் பதற்றம் காணப்படுகிறது. இப்பதற்றத்தின் ஒரு பெரும்பகுதி, அவ்வெண்களைப் பிழைபடப் படிப்பதனால் விளைகிறது என்பதை இணையவழிச் சதுரங்கத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தரப்புள்ளி கணக்கிடப்படும் முறை, இழப்புக் குறித்த உளவியல் ஆய்வுகள், தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஆகியன துணையாகக் கொள்ளப்படுகின்றன.

முதன்மைச் சொற்கள்: இணையவழிச் சதுரங்கம், தரப்புள்ளி, இழப்பு, பதற்றம், இளிவரல், மெய்ப்பாடு.

1. முன்னுரை

விசுவநாதன் ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 44ஆம் சதுரங்க ஒலிம்பியாட் 2022இல் மாமல்லபுரத்தில் நடைபெற்றது. 2024இல் குகேஷ் தம் 18ஆம் அகவையில் உலக வாகையர் ஆனார். இத்தகைய பின்புலம் உடைய தமிழகத்தில் சதுரங்கம் பயிற்சிக் கூடங்களுக்குள் மட்டும் நின்றுவிடவில்லை. விடுதி அறையிலும் பேருந்துப் பயணத்திலும் கைப்பேசியில் மூன்று நிமிட, ஐந்து நிமிட ஆட்டங்கள் ஆடப்படுகின்றன. ஒவ்வோர் ஆட்டம் முடிந்தவுடனும் திரையில் ஓர் எண் ஏறுகிறது அல்லது இறங்குகிறது.

அவ்வெண் தரும் நெருக்கடி சிறிதன்று. இக்கட்டுரையாளர் லிசெஸ் தளத்தின் விரைவு ஆட்டத்தில் முதன்முறையாக 1800 புள்ளிகளைத் தொட்ட இரவுக்குப் பின், ஏழு வாரங்கள் தரப்புள்ளிக்குரிய ஆட்டம் எதனையும் தொடங்கவில்லை. ஆய்வேட்டுப் பணியினால் நேரம் இல்லை என்றே அப்போது நம்பியதுண்டு. ஆயினும் அதே வாரங்களில் பிறர் ஆடிய ஆட்டங்களை நாள்தோறும் ஒரு மணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தமை பின்னரே உறைத்தது. நேரம் இருந்தது, எண்ணை இழக்கும் துணிவுதான் இல்லை.

பணம் வைத்து ஆடும் சூதும், உலகச் சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ள ஆட்ட அடிமைநிலையும் இக்கட்டுரையின் எல்லைக்குள் வரவில்லை. பணமோ பரிசோ இல்லாத இடத்திலும் ஓர் எண் ஏன் இத்துணை அஞ்சப்படுகிறது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

2. எண் எதனை அளக்கிறது?

இன்று வழங்கும் தரப்புள்ளி முறைகளுக்கு அடிப்படை அமைத்தவர் ஆர்பாட் எலோ. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இயற்பியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். அவரது முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றன. இம்முறை ஆட்டக்காரரின் ஆற்றலை நேரடியாக அளப்பதில்லை. இருவருடைய புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் கொண்டு, வரவிருக்கும் ஆட்டத்தில் எவ்வளவு பங்கு வெற்றியை எதிர்பார்க்கலாம் என்று முன்கூட்டிக் கணிக்கிறது. வேறுபாடு இல்லையெனில் 50 விழுக்காடு. 100 புள்ளி மிகுதியெனில் 64. 200 எனில் 76. 400 எனில் ஏறத்தாழ 91 விழுக்காடு. கணிப்புக்கும் நிகழ்ந்ததற்கும் உள்ள இடைவெளிக்கு ஏற்பவே புள்ளி திருத்தப்படுகிறது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு எளியது. ஆயினும் பலராலும் கவனிக்கப்படாதது. தம்மினும் 400 புள்ளி குறைந்தவர்களோடு மட்டும் நூறு ஆட்டம் ஆடி 91 வெற்றியும் 9 தோல்வியும் பெற்றவரும், தமக்கு நிகரானவர்களோடு ஆடி 50க்கு 50 பெற்றவரும் ஒரே ஆற்றல் உடையவர்களாக இருக்கலாம். இருவரின் புள்ளியும் இருந்த இடத்திலேயே இருக்கும். எனவே எதிராளி யார் என்பதை நீக்கிவிட்டு வெற்றி தோல்விப் பதிவை மட்டும் படிப்பது, வினாத்தாளைப் பாராமல் மதிப்பெண்ணைப் படிப்பதற்கு ஒப்பாகும்.

மேலும், ஆட்டத் தளங்கள் நிகரானவரையே தேடிப் பொருத்துகின்றன. ஆகவே நீண்ட காலம் ஆடும் ஒருவரின் பதிவு பாதிக்குப் பாதியை நோக்கி வருவது அம்முறை செவ்வனே இயங்குவதன் அடையாளம். தோற்பவர் அதனைத் தம் குறை என்று படிக்கிறார். அவர் முன்னேறினால் முறைமை அவருக்கு இன்னும் வலியவரைத் தேடித் தருகிறது; பதிவு மீண்டும் பாதிக்கு வந்து நிற்கிறது. முன்னேற்றம் வெற்றி எண்ணிக்கையில் தெரியாமல், எதிராளியின் தரத்தில் மறைந்து நிற்பது இதன் இயல்பு.

தொடர் தோல்வியையும் இவ்வாறே நோக்க வேண்டும். சமநிலை முடிவுகளை விட்டு, வெற்றியும் தோல்வியும் நாணயச் சுண்டல் போலச் சம நிகழ்தகவு உடையன என்று கொள்வோம். நூறு ஆட்டங்களில் தொடர்ந்து ஐந்து தோல்வி ஒருமுறையேனும் நேர்வதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 81 விழுக்காடு. தொடர்ந்து ஆறு தோல்விக்கே பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பு உண்டு. ஆற்றலில் எம்மாற்றமும் இல்லாத ஒருவருக்கே இந்நிலை. உண்மையான ஆட்டங்களில் களைப்பும் சினமும் சேர்வதால் தோல்விகள் ஒன்றையொன்று இழுத்து வரவும் கூடும். ஐந்து தோல்வி நேர்ந்த இரவில் இக்கணக்கு எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை என்பது வேறு செய்தி.

1995இல் மார்க் கிளிக்மன் என்னும் புள்ளியியலாளர் அமைத்த கிளிக்கோ முறை இதனை மேலும் தெளிவாக்கியது. அம்முறை ஒருவருக்கு ஓர் எண்ணை மட்டும் தராமல், அவ்வெண் எவ்வளவு ஐயத்திற்கு உரியது என்பதைக் காட்டும் விலக்கத்தையும் உடன் தருகிறது. புள்ளி 1500, விலக்கம் 60 எனில், அவரது உண்மை ஆற்றல் ஏறத்தாழ 1380க்கும் 1620க்கும் இடையில் உள்ளது என்பதே அதன் பொருள். இம்முறையின் வளர்ச்சியான கிளிக்கோ 2 என்பதையே லிசெஸ் தளம் பயன்படுத்துகிறது. திரையில் பெரிதாகத் தெரிவது 1500 என்னும் ஓர் எண்தான். அதன் அகலம் புள்ளிவிவரப் பக்கத்தினுள் ஒதுங்கிக் கிடக்கிறது.

இம்முறையில் ஒருவர் ஆடாமல் இருக்கும் காலம் நீள நீள விலக்கம் பெருகும். அதாவது, எட்டிய எண்ணைக் காக்கும் பொருட்டு ஆட்டத்தைத் தவிர்ப்பவர், அவ்வெண்ணின் நம்பகத்தைத் தாமே குறைத்துக்கொள்கிறார்.

3. இழப்பின் எடை

கணக்கு இவ்வாறிருக்க, மனம் அதனை ஏற்பதில்லை. டேனியல் கானமனும் ஏமஸ் டிவர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட கோட்பாடு, மனிதர் தம் நிலையை ஓர் ஒப்புநிலைப் புள்ளியிலிருந்தே மதிக்கின்றனர் என்றும், அதே அளவுடைய பேற்றைக் காட்டிலும் இழப்பே மிகுதியாக உறைக்கிறது என்றும் கூறுகிறது. நிகரானவரை வென்று 10 புள்ளி பெறுவதும், அடுத்த ஆட்டத்தில் 10 புள்ளி இழப்பதும் கணக்கில் ஈடாகலாம். அவ்விரவின் மனநிலையில் ஈடாவதில்லை. பாதி ஆட்டங்களில் தோற்கும்படி அமைந்த ஒரு முறையில், இன்பதுன்பக் கணக்கு எப்போதும் பற்றில்தான் முடியும்.

ஒப்புநிலைப் புள்ளி எங்கே அமைகிறது என்பதற்குச் சதுரங்கத்திலேயே சான்று உண்டு. ஆஷ்டன் ஆண்டர்சன், ஈட்டன் கிரீன் ஆகியோர் 13 கோடிக்கும் மேற்பட்ட இணையவழிச் சதுரங்க ஆட்டங்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கட்டுரை, ஆட்டக்காரர்கள் தம் முந்தைய உச்சப் புள்ளியைக் கடக்க மிகுந்து முயல்கின்றனர் என்றும், கடந்தவுடன் ஆட்டத்தை நிறுத்திவிடுகின்றனர் என்றும் காட்டியது. ஏழு வாரம் விலகியிருந்ததைத் தனிப்பட்ட மனக்குறையாகக் கருதிவந்த இக்கட்டுரையாளருக்கு, அக்கட்டுரை நாணத்தையும் ஆறுதலையும் ஒருங்கே தந்தது.

4. அச்சமா, இளிவரலா?

இவ்வுணர்வுக்கு ‘அச்சம்’ என்னும் பெயர் பொருந்துமா என்பதும் எண்ணத்தக்கது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறைவனாகிய அரசன் என நான்கு நிலைக்களன்களைக் கூறும். நான்கும் அஞ்சுபவனுக்குப் புறத்தே நின்று தீங்கு செய்ய வல்லன. இணையவழி எதிராளியோ முகமற்றவர். ஆட்டம் முடிந்ததும் மறைந்துவிடுபவர். அவரால் நேரும் தீங்கு எதுவும் இல்லை.

இளிவரலுக்குரிய நிலைக்களன்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியன கூறப்படுகின்றன. இவை ஒருவன் தன் நிலை தாழ்ந்ததாக உணரும் இடங்கள். தரப்புள்ளிப் பதற்றத்தை இவற்றுள் மென்மையோடு சார்த்தி எண்ணலாம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அஞ்சப்படுவது எதிராளியின் வலிமையன்று. தன் எளிமை ஓர் எண்ணாகப் பெயரருகில் எழுதப்பட்டு நிற்பதே. மெய்ப்பாட்டியல் உலகியல் உளநோய்களுக்கு வகுத்த நூலன்று என்பதை மறந்து இவ்வொப்பீட்டை நெடுந்தூரம் இழுத்தல் தகாது. எனினும் இவ்வேறுபாடு ஒரு பயன் தருகிறது. அச்சமாயின் எதிராளியை எதிர்கொள்ளும் பயிற்சி போதும். இளிவரலாயின் அதனைக் காண்பவர் யார் என்னும் வினாவே முதன்மை பெறும்.

5. பதிவை மறைத்தல்

ஆட்டங்களை உருவாக்குவோர் இதனை நடைமுறையில் உணர்ந்திருந்தனர். ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ ஆட்டத்தை ஆடுவோரிடையே ‘ஏணிப் பதற்றம்’ என்னும் வழக்கே உருவானது. ஏணி என்றது தரவரிசையை. 2011இல் வந்த ஒரு திருத்தம், உயர்நிலைக் குழுக்களில் உள்ளோர் தவிர ஏனையோரின் தோல்வி எண்ணிக்கையைக் காட்டாது விட்டது. 2013இல் தரவரிசையைத் தொடாத தனி ஆட்டமுறை சேர்க்கப்பட்டது. லிசெஸ் தளத்திலும் தரப்புள்ளிகளைக் கண்ணில் படாமல் மறைக்கும் அமைப்பு உண்டு. புள்ளி பின்னணியில் மாறிக்கொண்டேயிருக்கும், ஆடுபவர் அதனைக் காண்பதில்லை.

மறைத்தல் தீர்வாகுமா? தோல்வி எண்ணிக்கையை நீக்கி வெற்றியை மட்டும் காட்டுவது, பதிவே மதிப்பு என்னும் பிழைக்கருத்தை அப்படியே விட்டுவிடுகிறது. தரப்புள்ளியை முற்றிலும் மறைப்பது அதனினும் மேலானது; பார்ப்பவரை அகற்றுவதால் இளிவரலுக்கு இடமில்லாமற் போகிறது. மற்றொரு பெயரில் புதுக்கணக்குத் தொடங்கி ஆடும் வழக்கமும் உண்டு. அது தன் இளிவரலைத் தவிர்த்து, தன்னினும் எளிய எதிராளியிடம் அதனை ஒப்படைப்பதாகும்.

6. ஆடுவோர் செய்யத்தக்கன

முதலாவது, எண்ணை இடைவெளியாகப் படித்தல். 20 ஆட்டங்களில் 6 முதல் 14 வரை எத்தனை வெற்றி பெற்றாலும் அது நிகரான ஆற்றலுக்கு முரணாகாது. ஆகவே ஒரு நாளின் முடிவை வைத்துத் தம்மைப் பற்றி எத்தீர்ப்பும் எழுத இயலாது.

நிறுத்தும் விதியை ஆட்டத்திற்கு முன்பே வகுத்துக்கொள்வது இதனினும் நடைமுறைக்கு ஏற்றது. பீட்டர் கோல்விட்சர் விளக்கிய ‘இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்’ என்னும் திட்டமுறை இங்குப் பொருந்தும். ‘இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் மூன்றாவதைத் தொடங்காமல், தோற்றவற்றுள் ஒன்றை எடுத்துப் பிழை தேடுவேன்’ என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். விதி தோல்வியைப் பற்றியதாக மட்டும் இருத்தல் வேண்டும். உச்சத்தைத் தொட்டவுடன் நிறுத்துவேன் என்னும் விதி, மேற்கூறிய தவிர்ப்புக்கே மறுபெயர்.

ஆட்டத்திற்கு முன் எழும் படபடப்பை அடக்க முயல்வதைவிட அதனை ஆர்வம் என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொள்வது செயலைச் செம்மையாக்கும் என அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் காட்டியுள்ளார். அவர் சோதித்தவை பாடுதல், மேடைப் பேச்சு, கணக்கு ஆகியனவே. மூன்று நிமிடச் சதுரங்கத்திற்கு அதனை அப்படியே பொருத்துவதில் தயக்கம் இருப்பினும், முயன்று பார்ப்பதில் இழப்பில்லை.

எண்ணப்படும் பொருளை மாற்றுவது இன்னொரு வழி. வெற்றியை எண்ணாமல், நேர நெருக்கடியில் காயை வீணே இழந்த ஆட்டங்கள் எத்தனை என்று வாரந்தோறும் எண்ணலாம். அது எதிராளியைப் பொறுத்து மாறுவது குறைவு; குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆய்வுலகில் மேற்கோள் எண்ணிக்கையையும் எச் குறியீட்டையும் அன்றாடம் திறந்து பார்ப்போர்க்கும் இது புதிய செய்தியன்று.

இக்கட்டுரையாளர் தரப்புள்ளியை மறைத்து வைத்து இரண்டு மாதம் ஆடினார். பின்னர்த் திறந்து பார்த்தபோது 1764 என்றிருந்தது. முதற்பார்வையில் மனம் சுருங்கியது உண்மை. புள்ளிவிவரப் பக்கத்தில் விலக்கம் 58 என்று காட்டியது. ஏறத்தாழ 1650 முதல் 1880 வரை. 1800 அதனுள்ளேயே இருந்தது.