ரிச்சர்ட்ஸ் டவுன்: ஒரு பேட்டையின் கதை

பெங்களூரில் ரிச்சர்ட்ஸ் டவுன் என்று ஒரு பேட்டை இருக்கிறது. அது பெரிய இடம் அல்ல. நடந்தே சுற்றி வந்து விடலாம். அங்கே ஒரு பூங்கா இருக்கிறது. அகலமான, நேரான தெருக்கள் இருக்கின்றன. நிழல் தரும் பெரிய மரங்கள் இருக்கின்றன.

இந்தப் பேட்டை ஏன் இப்படி அமைந்தது? வெறும் அழகுக்காகவா? இல்லை. இதன் பின்னால் ஒரு கொள்ளை நோயின் கதை இருக்கிறது.

எங்கே இருக்கிறது?

பெங்களூர் கடல் மட்டத்தைவிட சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் அங்கே வெயில் அதிகம் சுடுவதில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுன், தண்டு என்று அழைக்கப்பட்ட பகுதியைச் சேர்ந்தது. ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன், பென்சன் டவுன் ஆகியவை அக்கம்பக்கத்துப் பேட்டைகள். எல்லாம் ஆங்கிலேயர் பெயர்கள். பெங்களூர் கிழக்கு ரயில் நிலையமும் பக்கத்தில் இருக்கிறது. சென்னைக்குப் போகும் ரயில்கள் இந்த வழியாகத்தான் போகின்றன. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் தண்டுக்கு 1864-ஆம் ஆண்டிலேயே ரயில் வந்து விட்டது.

தண்டு எப்படி வந்தது?

தண்டு என்றால் படை. ஆங்கிலேயரின் படை முதலில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தது. அங்கே காய்ச்சலால் சிப்பாய்கள் வாடினார்கள். அதனால் 1809-இல் படையைப் பெங்களூருக்கு மாற்றினார்கள்.

படையோடு தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய்கள் வந்தார்கள். சமையல்காரர், சலவைத் தொழிலாளி, கொத்தனார், வியாபாரி என்று பலரும் வந்தார்கள். தண்டுப் பகுதியில் இன்றும் தமிழ்ப் பேச்சு காதில் விழும். அதற்குக் காரணம் இதுதான்.

கொள்ளை நோய் வந்தது

1898-ஆம் ஆண்டு. பம்பாயில் பரவிய பிளேக் நோய் ரயில் வழியாகப் பெங்களூருக்கும் வந்தது. பிளேக் முதலில் எலிகளைத் தாக்கும். செத்த எலியின் உடலிலிருந்து தெள்ளுப் பூச்சி வெளியே வரும். அது மனிதரைக் கடிக்கும். அப்போது நோய் மனிதருக்குத் தொற்றும். இந்த உண்மையைப் பால் லூயி சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதே 1898-இல்தான் கண்டுபிடித்தார். பொதுமக்களுக்கு அது தெரியவில்லை. இன்று பிளேக்கைக் குணப்படுத்த மருந்து உண்டு. அன்று இல்லை.

அந்தக் காலத்தில் நெருக்கமான சந்துகளில்தான் பெரும்பாலோர் வாழ்ந்தார்கள். சிறிய வீடு. காற்று வராது. வெளிச்சம் வராது. மண் தரையில் எலி வளை. வாசலில் சாக்கடை. நோய் வேகமாகப் பரவியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். நோய் தணிய வேண்டும் என்று அம்மனை வேண்டினார்கள். பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் பெங்களூரில் இன்றும் கோயில்கள் இருக்கின்றன.

புதிய பேட்டைகள்

அதிகாரிகள் யோசித்தார்கள். ஊர் நெரிசலாக இருந்தால் நோய் மறுபடியும் வரும் என்று புரிந்தது. நகரை விரித்துக் கட்டத் தொடங்கினார்கள். மல்லேஸ்வரம், பசவனகுடி ஆகிய பேட்டைகள் அப்படி எழுந்தவை.

தண்டுப் பகுதியில் 1906-இல் ஃபிரேசர் டவுன் தொடங்கியது. அங்கே தெருக்களை அகலமாகப் போட்டார்கள். எலி புகாத வீடு எப்படி இருக்க வேண்டும் என்று பொறியாளர்கள் திட்டம் போட்டார்கள். வீட்டுக்குள் காற்றும் வெளிச்சமும் வர வழி செய்தார்கள்.

அதன் பிறகு வந்தது ரிச்சர்ட்ஸ் டவுன். அந்தக் காலத்து எண்ணம் இங்கேயும் தெரிகிறது. காற்று, வெளிச்சம், திறந்த இடம் ஆகியவையும் மருந்துதான் என்பதே அந்த எண்ணம்.

யார் இந்த ரிச்சர்ட்ஸ்?

எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் ஓர் ஆங்கிலேய அதிகாரி. தண்டுப் பகுதியில் கலெக்டராக இருந்தவர். பழைய வரலாற்றில் ஆர்வம் உள்ளவர். 1909-இல் பெங்களூரில் மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வுச் சங்கம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் இவர் முக்கியமானவர். சேலம் மாவட்டத்தின் நிலம், மக்கள், தொழில் பற்றியும் பெரிய நூல் எழுதினார். அது 1918-இல் வெளிவந்தது.

பார்க்க வேண்டிய இடங்கள்

ரிச்சர்ட்ஸ் பூங்கா: இந்தப் பேட்டையின் உயிர் இதுதான். காலையில் பெரியவர்கள் நடக்க வருகிறார்கள். மாலையில் குழந்தைகள் விளையாட வருகிறார்கள்.

கிளாரன்ஸ் உயர்நிலைப் பள்ளி: 1914-இல் தொடங்கியது. நூறு ஆண்டுகளைத் தாண்டி விட்டது.

ஹோலி கோஸ்ட் தேவாலயம்: டேவிஸ் சாலையில் இருக்கிறது.

பாட்டரி டவுன்: பக்கத்துப் பேட்டை. மண்பாண்டம் செய்கிறவர்கள் வாழும் இடம். பானை, அகல் விளக்கு, பிள்ளையார் பொம்மை எல்லாம் இங்கே செய்கிறார்கள். பாட்டரி சாலை என்ற பெயரும் இந்தத் தொழிலைச் சொல்கிறது.

பழைய வீடுகள்: ஓட்டுக் கூரை, முன்னால் தோட்டம், சன்னலுக்கு மேல் கூரான மரச் சட்டம். இப்படிப்பட்ட வீடுகள் சில இன்னும் மிச்சம் இருக்கின்றன.

என்ன மாறியது?

1947-இல் ஆங்கிலேயர் போனார்கள். தண்டுப் பகுதி மைசூர் அரசிடம் வந்தது. 1949-இல் தண்டும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. ஃபிரேசர் டவுனுக்குப் புலிகேசி நகர் என்று பெயர் வந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனைப் பழைய பெயரிலேயே மக்கள் அழைக்கிறார்கள்.

இப்போது பழைய வீடுகள் பல இடிந்து விட்டன. அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்திருக்கின்றன. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. மக்கள் பெருகினால் வீடும் பெருக வேண்டியதுதான். ஆனால் மரமும் திறந்த இடமும் குறையக் கூடாது. சாக்கடை அடைபடக் கூடாது. குப்பை சேர்ந்தால் எலி சேரும். எலி சேர்ந்தால் நோய் சேரும். நூறு ஆண்டுகளுக்கு முன் பல உயிர்களைக் கொடுத்துப் பெற்ற பாடம் இது.

இந்தப் பாடம் பங்களாத் தெருவுக்கு மட்டும் உரியது அல்ல. காற்றும் வெளிச்சமும் சுத்தமான தெருவும் குடிசைப் பகுதிக்கும் வேண்டும். கூலி வேலை செய்கிறவருக்கும் வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. காப்பாற்றுவது நம் கடமை.

யோசித்துப் பேசுங்கள்

1. உங்கள் தெருவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? பெரியவர்களைக் கேளுங்கள்.
2. உங்கள் ஊரில் எல்லோரும் உட்காரவும் விளையாடவும் பொது இடம் இருக்கிறதா?
3. உங்கள் தெருவில் சாக்கடை நீர் எங்கே போகிறது?