கூடையை எண்ணிக் கடலை அளப்பது எப்படி?

ஏப்ரல் 15 நெருங்குகிறது. மீன்பிடித் தடைக்காக ராயபுரம் காசிமேட்டில் விசைப்படகுகளை 61 நாட்களுக்குக் கட்டிப்போட வேண்டும். இந்த வாரக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகம்தான்: “தடை முடிந்ததும் மீன் பெருகிவிட்டது என்கிறார்களே, கடலுக்குள் போய் எண்ணியது யார்?”

யாரும் எண்ணவில்லை. அறிக்கைகளில் வரும் லட்சம் டன்கள் கரையில் இறங்கிய சரக்கு. கடலில் நீந்துவது அல்ல.

கணக்கெடுப்பது கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். 2024-இல் நாடு முழுவதும் 34.7 லட்சம் டன், தமிழ்நாட்டில் 6.79 லட்சம் டன் என்றது. எல்லா இறங்குதளத்திலும், எல்லா நாளும், எல்லாப் படகையும் பார்க்க ஆள் ஏது? அதனால் மாதிரிக் கணக்கு. பொது நடைமுறையில், மாதத்தைப் பத்துப் பத்து நாளாகப் பிரிப்பார்கள். முதல் ஐந்து நாட்களில் ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுத்து, அதிலிருந்து தொடர்ந்து ஆறு நாட்கள். தளத்துக்கு இரண்டு நாள். கணக்கெடுப்பாளர் முதல் நாள் நண்பகல் 12 முதல் மாலை 6 வரையும், மறுநாள் காலை 6 முதல் 12 வரையும் தளத்தில் நிற்பார். 15 படகு வரை வந்தால் அத்தனையும் பார்ப்பார். 50 வந்தால் ஐந்துக்கு ஒன்று. வஞ்சிரமோ காரப்பொடியோ, பெரும்பாலும் கூடைக் கணக்கும் கண் மதிப்பும்தான்.

கெட்டிக்கார ஏற்பாடுதான். சங்கடம், பார்த்த படகிலிருந்து மொத்தத்துக்குப் போகும் பெருக்கலில் இருக்கிறது. கண் கூடவும் குறையவும் தவறினால் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். எப்போதும் ஒரே பக்கம் தவறினால்? ஒரு பேச்சுக்கு, படகுக்கு 40 கூடை, கூடைக்கு 5 கிலோ பிழை என்று வையுங்கள்: படகுக்கு 200 கிலோ, 50 படகுக்கு 10 டன். பார்க்காத நாட்களுக்கும் அதே பிழை பெருகும்.

மாலை 6 முதல் காலை 6 வரை? அது மறுநாள் காலை விசாரித்து எழுதிக்கொள்வது. காசிமேட்டில் ஏலம் சூடுபிடிப்பதோ விடிவதற்கு முன்!

எறும்புக் கணக்கோடு ஒப்பிட்டால் வேறு ஒன்றும் புரியும். ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் 489 ஆய்வுகளைத் தொகுத்து, பூமியில் சுமார் 20 ஆயிரம் லட்சம் கோடி எறும்புகள் என்று மதிப்பிட்டார்கள். அதுவும் பெருக்கல்தான். ஆனால் மூலத் தரவு எறும்பு வாழும் இடத்திலேயே, சருகைச் சலித்தும் குழிப்பொறி வைத்தும் எடுத்தது. மீனுக்கு வலைதான் பொறி. எத்தனை வலை, எவ்வளவு நேரம் என்பதை டீசல் விலையும் புயல் எச்சரிக்கையும் முடிவு செய்கின்றன.

ஜூன் 15-இல், இரண்டு மாதம் சும்மா கிடந்த படகுகள் ஒன்றாகக் கிளம்பும். கூடை நிறையும். பெருகியது மீனா, வலையா? டன்னை மட்டும் பார்த்தால் தெரியாது. வலை இழுத்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும். அந்த மணிக் கணக்கையும் நிறுவனம் சேகரிக்கிறது. தடையின் வெற்றியை மேடையில் முழங்குபவர்கள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. 135 மீன் இருப்புகளில் 91.1 விழுக்காடு நலமாக உள்ளன என்ற 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டையும், அது கரைக்கு வந்த மீனை வைத்துப் போட்ட கணக்கு என்ற நினைப்போடு படிப்பது நல்லது.

மற்ற கேள்விகள்:

கடலிலேயே வீசிவிடும் மீன்? இந்தக் கணக்கில் வராது.

எல்லா மீனும் இந்த இரண்டு மாதத்தில்தான் முட்டையிடுமா? இல்லை.

கட்டுமரத்துக்குத் தடை உண்டா? கிடையாது.

நிவாரணம்? குடும்பத்துக்கு 8,000 ரூபாய்.

மாநில மீன்வளத் துறையின் எண் ஏன் வேறாக இருக்கிறது? அவர்கள் தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். ஓர் ஆண்டுக்கு நிறுவனத்தின் எண்ணையும் அடுத்த ஆண்டுக்கு அவர்கள் எண்ணையும் எடுத்து ஏற்றம் இறக்கம் பார்க்க வேண்டாம்.