பையிலொரு பேனாக்கத்தி

நல்லூர்ப் பகுதியில் உரமூட்டையின் தையல் பிரிக்கவும், கொய்யா நறுக்கவும் பலருக்குப் பேனாக்கத்தி துணை. இறகுப் பேனாவைச் சீவப் பிறந்ததால் வந்த பெயர் அது.

வாங்கும்போது அலகை விரித்து அசைத்துப் பாருங்கள், ஆடினால் வேண்டா. முதுகிலுள்ள வில் மட்டுமே தாங்கும் கத்தியால் துளையிட முயன்றால், அலகு மடங்கி விரலை அறுக்கும். ஆதலின் பிள்ளைகள் கைக்குப் பூட்டுள்ளதே தகும். பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்த மடக்குக் கத்திக்குப் பூட்டு வளையம் சேர்ந்தது 1955-இல்தான். அந்த 65 ஆண்டுகளில் எத்தனை விரல்கள் நொந்தனவோ!

இரண்டரை அங்குல அலகு போதும். கரிம எஃகு எளிதில் கூர்படும். எனினும் மாங்காய்ப் புளிப்பில் கறுத்துவிடும். துடைத்து வைக்கப் பொறுமையில்லாதோர் துருப்பிடிக்காத எஃகையே வாங்குக. விமானமேறுவோர் அதைக் கைப்பையில் வைக்கலாகாது.