பழைய லோரிக்குச் சாயம் அடிக்குமுன்

தோழர்களே, நசுங்கிய பழைய லோரியை வீட்டு வாசலிலேயே சரிசெய்கிறோம். லோரியோடு உடம்பையும் கவனியுங்கள்.

தகரத்தைத் தட்டி நிமிர்த்தும்போதும், துருவைச் சுரண்டும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். கண்ணில் துகள் விழுந்தால் கசக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு வாங்க.

பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். ஆகவே மணல்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். தகரம் பளிச்சென்று தெரிந்ததும் நன்றாக உலர்த்திப் பட்டி பூசுங்கள். ஈரம் இருந்தால் மறுபடி துரு பிடிக்கும்.

கை கிழிந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரணஜன்னி துருவால் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமியால் வருவது. அழுக்குக் காயமாக இருந்து, கடைசி ஊசி போட்டு 5 வருஷம் ஆகியிருந்தால் உடனே வந்து ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.