அன்பளிப்பின் உறையும் மன்னார்க் கரையும்

மன்னார்த் தீவில் விவாக வீடாயினும் ஞானஸ்நான விருந்தாயினும், நத்தாராயினும் நோன்புப் பெருநாளாயினும், அன்பளிப்பை மின்னும் தாளில் சுற்றி, றிபன் கட்டி, அதையும் ஒரு பொலித்தீன் பைக்குள் இட்டுக் கொடுப்பதே மரியாதை என்ற சம்பிரதாயம் சில தலைமுறைகளுக்குள் வேரூன்றிவிட்டது. பிரித்த மறுகணமே பிரயோசனமற்றுப் போகும் அந்த உறை பிறகு எங்கே போய்ச் சேருகிறது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே.

மணலுக்கடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கும் நன்னீரையே நம் கிணறுகள் தருகின்றன. ஆதலால் குப்பையைப் புதைப்பதற்கு இத்தீவு ஏற்ற நிலமன்று. எரித்தாலோ நச்சுப்புகை நம் பிள்ளைகளின் சுவாசத்திலேயே கலக்கும். எஞ்சியதைக் காற்று கடலுக்குக் கொண்டு செல்கிறது. அங்கே மிதக்கும் பொலித்தீனைச் சொறிமீன் என்று எண்ணி ஆமைகள் விழுங்குகின்றன. கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியாவின் மேய்ச்சல் நிலத்திலும் அது படிகிறது. நகரத்தெருக்களில் அலையும் கழுதைகள் உணவின் மணம் பற்றிய பைகளை அப்படியே தின்கின்றன. 2010ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாகப் பிரகடனஞ்செய்யப்பட்ட வங்காலைச் சரணாலயம், பூநாரைகளும் வலசைப் பறவைகளும் வந்திறங்கும் இடம், இத்தீவுக்கு எதிரேதான் இருக்கிறது. 2025 மே மாதத்தில் கேரளக் கரைக்கப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியபோது, அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் அடுத்த மாதமே நம் கரையில் ஒதுங்கின. பிறர் விபத்தைத் தடுக்க நம்மால் இயலாது. நம் கையால் சேர்வதைத் தடுக்க இயலும்.

கடையில் விற்கும் சுற்றுத்தாள்களுள் பல உண்மையில் தாள் அல்ல என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கைக்குள் வைத்துக் கசக்கிப் பாருங்கள். சுருண்டபடியே நின்றால் பெரும்பாலும் கடதாசி, விரிந்து பழைய நிலைக்கு மீண்டால் பிளாஸ்டிக் படலம். பழக்கூடைகளைச் சுற்றும் கண்ணாடித்தாள் இக்காலத்தில் பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீனே. மினுக்குத் தூள் தூவிய தாளையோ, ஒட்டுநாடா நெருக்கமாக ஒட்டிய தாளையோ மறுசுழற்சிக்கு எடுப்போர் விரும்புவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? சுற்றுத்தாளை அது தடைசெய்யவில்லை. ஆயினும் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2017 செப்டெம்பரில் வெளியான ஒழுங்குவிதிகள், சமய, சமூக, அரசியல் வைபவங்களில் பொலித்தீனை அலங்காரமாகப் பயன்படுத்துவதையும், பிளாஸ்டிக் முதலிய குப்பைகளைத் திறந்த வெளியில் எரிப்பதையும் தடைசெய்கின்றன. பந்தலுக்குப் பொலித்தீன் தோரணம் கட்டுவோருள் எத்தனை பேர் இதனை அறிவர்? 2025 நவம்பர் முதலாந் தேதியிலிருந்து பொலித்தீன் ஷொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கலாகாது. அதன் விலை கடையில் காட்டப்பட்டு, பற்றுச்சீட்டிலும் குறிக்கப்பட வேண்டும். இதற்கு மாறாக நடந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

குப்பை குவிந்து துன்பம் தரும் இடத்தில் பரிகாரம் தேடவும் பிரஜைக்கு வழி உண்டு. முதலில் நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ எழுத்தில் முறையிட்டு, பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். சேகரித்த குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள், வேலைநாள் பதினான்குக்குள் தகவல் அலுவலர் தம் முடிவைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அதுவும் பலிக்காவிடின், பொதுத் தொல்லையை அகற்றும்படி உத்தரவிடக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரம் அளிக்கிறது. அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரையோ, இயற்கையைப் பாதுகாப்பதை ஒவ்வொருவரின் கடமையாகவும் வைத்திருக்கிறது.

எனினும் நீதவான்வரை போகவேண்டிய காரியமா இது? அன்பளிப்புக்கு அழகிய உறை நம் வளவிலேயே பனையாக நிற்கிறது. பனங்கட்டியை அடைத்து விற்கும் ஓலைக் குட்டானைக் காட்டிலும் நேர்த்தியான பொதி உலகில் எங்கேனும் உண்டோ என்று நான் வியந்ததுண்டு. இனிப்போ, நகையோ, சிறு புத்தகமோ அதற்குள் அடங்கும். பெரிய பொருளுக்கு மூடியிட்ட ஓலைப்பெட்டி, வீட்டுச் சாமானுக்குக் கடகம், அரிசிக்கும் பழத்துக்கும் உமல். பெற்றவர் இவற்றை எறிவதில்லை. அடுக்களையிலோ அலுமாரியிலோ ஆண்டுக்கணக்கில் வைத்துப் பயன்படுத்துவார். பின்னும் கரங்களுக்குக் கூலி சேர்கிறது. அக்கூலியை நம்பி வாழும் பெண்களுள் போரில் துணையை இழந்தவர்களும் உளர். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஒரே மரத்தின் குருத்தை ஓயாது வெட்டினால் மரம் நலியும், ஆகவே மரத்துக்கு இடைவெளி விட்டே ஓலை எடுக்க வேண்டும்.

ஓலை கிடையாத வேளையில் பருத்தித் துணியில் முடிந்து கொடுக்கலாம். யப்பானியர் இதனை ஃபுரோஷிகி என்று பேணிவருகின்றனர், 2006இல் அந்நாட்டின் சுற்றாடல் அமைச்சரே அதை மக்களிடையே மீண்டும் பரப்ப முயன்றார். துணியும் இல்லையெனில், பழைய நாட்காட்டித் தாளும், மாப்பசையும், தென்னந்தும்புக் கயிறும், ஒரு கொத்துப் பூவும் போதும்.

ஆதலால் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: இனி அழைப்பிதழ் அச்சிடும்போது, பொலித்தீன் உறையின்றி அன்பளிப்புத் தருமாறு ஒரு வரி சேருங்கள், பெட்டி பின்னுவோரிடம் ஒரு மாதம் முன்னரே சொல்லிவைத்து, அவர்கள் கேட்கும் விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.