பாலில் கலவாமல் பணிபுரியும் நொதியம்

பால் அருந்தினால் வயிறு பொருமுகிறது என்று கூறுவோர் எமது வீடுகளிலும் உளர். அதனை வயதின் கோளாறென நாம் ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் அது நோயன்று. பசுப்பாலில் ஏறத்தாழ 5 சதவீதம் இலற்றோசு எனும் வெல்லம் உண்டு. அதனைக் குளுக்கோசாகவும் கலற்றோசாகவும் பிளக்கும் இலற்றேசு நொதியம், குழந்தைப் பருவத்தின் பின்னர் பெரும்பாலான மனிதரின் குடலில் குறைந்துவிடுகிறது. உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இவ்வகையினரே.

பிளக்கும் வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிடலாம். நொதியத்தைப் பாலில் கலந்துவிடுவது இலகுவான வழி. ஆனால் நொதியம் தாக்கத்தின்போது செலவாவதில்லை; வேலை முடிந்ததும் பாலோடு சேர்ந்து போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கவேண்டும். அதனைத் திண்மப் பொருளொன்றில் நிலைநிறுத்தி, அதனூடாகப் பாலைச் செலுத்தினால் அதே நொதியம் மீண்டும் மீண்டும் பயன்படும். சுக்குரோசைப் பிளக்கும் நொதியம் கரியில் ஒட்டிய பின்னரும் தொழிற்படுவதை நெல்சன், கிரிஃபின் ஆகியோர் 1916 ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தனர்.

பாலில் இதனை முதன்முதலில் வர்த்தக ரீதியாகச் செய்தது 1970களில் இத்தாலியின் மிலான் நகரப் பாற்பண்ணை நிலையமாகும். மதுவத்திலிருந்து பெற்ற இலற்றேசு, செலுலோசு முவசற்றேற்று இழைகளின் நுண்துளைகளுள் சிறைப்படுத்தப்பட்டது. இலற்றோசின் சிறிய மூலக்கூறு உள்ளே நுழைந்து பிளவுபட்டு வெளியேறும்; பருத்த நொதியமோ வெளிவர முடியாது. வலையில் அகப்பட்ட மீன் என்று சொல்லலாம். ஆயினும் இம்மீன் அகப்பட்ட பின்னரே உழைக்கிறது.

அவ்வாறாயின் எல்லாப் பாற்பண்ணைகளும் இம்முறைக்கு ஏன் மாறவில்லை? பால் வெறும் நீரன்று. அதன் புரதமும் கொழுப்பும் தாங்கியின்மீது படிந்து துளைகளை அடைக்கின்றன. பற்றீரியாவுக்கும் அது நல்விருந்து. கொதிநீரால் கழுவினால் நொதியம் அழியும். ஆகவே பாலைக் குளிர்நிலையில் செலுத்தி, தாங்கியை அடிக்கடி துப்புரவாக்க வேண்டியுள்ளது. இதற்கிடையில் கரையும் நொதியத்தின் விலையும் குறைந்தது. பாற்கட்டி தயாரிப்பில் பிரியும் தெளிநீருக்கோ இம்முறை கூடுதலாகப் பொருந்துகிறது. அதில் கொழுப்பும் புரதமும் குறைவு. அமிலத்தைத் தாங்கும் பங்கசு நொதியத்தையும் அங்கு பயன்படுத்தலாம்.

இவ்வாறு பெறப்படும் பால் சற்று இனிக்கும். வெல்லம் சேர்த்துவிட்டார்கள் என ஐயுற வேண்டியதில்லை. குளுக்கோசு இலற்றோசைவிட இனிப்பானது. எனினும் இலற்றோசு அற்ற பால் வெல்லம் அற்ற பாலன்று என்பதை நீரிழிவு நோயாளர் கவனிக்கவேண்டும். பாற்புரத ஒவ்வாமை உடையோருக்கும் இது உகந்ததன்று.